எக்ஸெல்ல விட்டுப்போன வரி

வாசகர் கடிதம்:

அக்கா வணக்கம். திருப்பூர்ல இருந்து எழுதறேன், வயசு 31. கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. எனக்கு சம்பளம் 40,000, வீட்டுக்காரம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசிங், அவங்களுக்கு 22,000. குழந்தைன்னு பேச்செடுத்தாலே பயமா இருக்குங்க்கா. கூட வேலை செய்யறவர் எக்ஸெல்ல ஒரு ஷீட் போட்டு காமிச்சார், பிரசவத்துல ஆரம்பிச்சு காலேஜ் முடியற வரைக்கும் ஒரு கோடியாம். அம்மாகிட்ட சொன்னா "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் போடா"ங்கறாங்க. யார் சொல்றது சரி?

பதில்:

தம்பி, அம்மா சொல்றது ஒரு காலத்துல சரி, எங்க வீட்ல இப்ப தண்ணியே கேன்ல காசு குடுத்து தான் வருது. அதுக்காக அந்த ஒரு கோடி ஷீட்டையும் நம்பாதீங்க.

முதல் ரெண்டு மூணு வருஷம் நீங்க பயப்படற அளவுக்கு இல்லீங்க. ஊசியவே எடுத்துக்கோங்க, நிமோனியாவுக்கு போடற பிசிவி தனியார்ல ஒரு டோஸ் மூவாயிரம் நாலாயிரம்னு போகும், அதே ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை போனா சும்மா போடறாங்க. நான் என் பொண்ணுக்கு ஊசியெல்லாம் கிளினிக்ல தான் போட்டேன், வரிசைல நிக்க கூச்சம், வேற ஒண்ணுமில்ல.

காசு போறது எல்கேஜி வாசல்ல இருந்து தான். எங்க பொண்ண சேர்த்தப்ப மூணு சீட்டு குடுத்தாங்க, ஒண்ணு பிரிண்ட் பண்ண ரசீது, அதுல கம்மியான தொகை, ரெண்டாவது ட்ரஸ்ட் பேர்ல நன்கொடைன்னு போட்டு ஒண்ணு, மூணாவது ஒரு துண்டு பேப்பர்ல பென்சில்ல எழுதின தொகை, யூனிபார்ம், புக், ஷூ எல்லாத்துக்கும் சேர்த்தாம், அதுக்கு ரசீதே கிடையாது. 2009லயே தனியார் பள்ளி கட்டணத்த முறைப்படுத்த சட்டம் வந்துச்சு, கமிட்டி தான் ஃபீஸ் நிர்ணயம் பண்ணுது. அந்த ஃபீஸ் முதல் சீட்டுல மட்டும் தான் இருந்துச்சு.

இதுல மாட்டறது எங்கன்னா, எல்கேஜில 60,000 தானேன்னு சேர்த்துடுவோம், வருஷத்துக்கு 10 சதவீதம் ஏத்தினாங்கன்னா பிளஸ் டூ வர்றப்ப அந்த ஒரு வருஷத்துக்கே 2 லட்சத்த தாண்டிடும், 14 வருஷத்துக்கும் கூட்டினா கிட்டத்தட்ட 16 லட்சத்து 78 ஆயிரம். வேன், டியூஷன் எல்லாம் தனி. நடுவுல மாத்தலாம்னா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னு வேற ஒரு பாரம்.

நாங்க மாத்தினோம். கொரோனால வீட்டுக்காரர் கடைய மூடினப்ப வேற வழியில்லாம 7ஆவதுல அரசுப் பள்ளில சேர்த்தோம். பொண்ணு ஒரு மாசம் மூஞ்சிய தூக்கி வச்சிட்டிருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. ஆனா 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா தான் மெடிக்கல், இன்ஜினியரிங் சீட்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அந்த ஃபீஸையும் அரசாங்கமே கட்டுது, காலேஜ் போற பொண்ணுங்களுக்கு அரசு குடுக்கற புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு தான். நாங்க சரியா ஒரு வருஷம் லேட்டு. அந்த ஒரு வருஷத்த நினைச்சா இப்பவும் வயிறு எரியுது, ஏன்னா 6ஆவது ஃபீஸ் கட்ட நகைய அடகு வச்சிருந்தேன்.

சரி, உங்க ஃப்ரெண்டோட ஷீட்டுக்கு வர்றேன். அதுல டயப்பர் இருக்கும், பர்த்டே பார்ட்டி கூட இருக்கும். உங்க வீட்டம்மா சம்பளம் ஒரு வரியா இருக்கான்னு பாருங்க, இருக்காது. குழந்தை பொறந்து நாலு வருஷம் அவங்க வீட்ல உக்காந்தா 22,000 வீதம் 10 லட்சத்து 56 ஆயிரம் போச்சு, பிஎஃப்பும் நின்னுடும், திரும்ப போறப்ப இப்ப இருக்கற ஜூனியர் புள்ள அவங்களுக்கு மேல உக்காந்திருக்கும். நான் அப்படி அஞ்சு வருஷம் உக்காந்தேன், யாரும் அத செலவுன்னு எழுதல, நானே எழுதல.

அதனால ஸ்கூலுக்கு முன்னாடி இத பேசி முடிங்க. முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு அவங்க உரிமை, சம்பளம் 21,000 வரைக்கும்னா அந்த லீவு காச இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, குடுக்கும்; அவங்களுக்கு 22,000ங்கறதால அந்த லிமிட்ட தாண்டிடுச்சு, அப்ப அந்த காச கம்பெனி தான் குடுக்கணும். 50 பேர் வேலை செய்யற இடம்னாலே குழந்தைகள் காப்பகம் இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவ அம்மா போய் பார்த்துட்டு வரலாம், 2017ல இருந்து இது சட்டம். நான் வேலை பார்த்த இடத்துலயும் அப்படி ஒரு ரூம் இருந்துச்சு, கதவுல மிக்கி மவுஸ் படம், உள்ள பழைய ஃபைலும் உடைஞ்ச சேரும். ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு பொம்மைய வைப்பாங்க.

உங்க வீட்டம்மா கம்பெனில அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டு எழுதுங்க.