பிளஸ் ஒன் படிக்காமல் பிளஸ் டூ முடித்தவன்

பத்தாவது முடித்த மகனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கிற தனியார் பள்ளியில் சேர்க்கலாமா, அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2009 ஜூனிலிருந்து 2011 மார்ச் வரை அப்படி ஒரு பள்ளியில் இருந்தேன். பெயர் வேண்டாம்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை. பத்தாவதில் 500க்கு 461. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளியின் மகன் நாமக்கல் போய்த்தான் நல்ல காலேஜில் சீட் வாங்கினான் என்பது கடை முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வருஷம் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வை ரத்து செய்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பிளஸ் டூ மார்க் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் சாவி. கணக்கின் 200ஐ 100 ஆக்கி, இயற்பியலையும் வேதியியலையும் 50, 50 ஆக்கிக் கூட்டினால் கட்-ஆஃப். அதில் அரை மார்க் குறைந்தால் கவுன்சலிங்கில் எங்கேயோ பின்னால் போய்விடுவோம்.

காலையில் நாலரைக்கு மணி. ஐந்துக்கு ஸ்டடி. பக்கெட்டை வரிசையில் வைத்து இடம் பிடிக்காதவன் அன்றைக்குக் குளிக்க மாட்டான். இரவு பத்தரை வரை மறுபடி ஸ்டடி. சுற்றிலும் கோழிப்பண்ணை, காற்று திசை மாறினால் ஹாலுக்குள் எருவாடை வரும். எங்களையும் பிராய்லர் கோழி என்றுதான் ஊரில் சொல்வார்கள் என்பது லீவில் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் காயின் போனில் வீட்டுக்குப் பேசலாம். பின்னால் இருபது பேர் நிற்கையில் "சாப்டியாப்பா", "சாப்டேன்மா" தாண்டி ஒன்றும் பேச வராது. பக்கத்துக் கட்டில்காரன் ஒருநாள் சுவரேறிக் குதித்து பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டான். மறுநாள் அவனைக் கொண்டுவந்து விட்டது வார்டன் இல்லை, அவன் அப்பா.

இதையெல்லாம் எல்லோரும் எழுதியிருப்பார்கள். எனக்குப் பெரிய குறையாக இன்றைக்குத் தோன்றுவது இது எதுவும் இல்லை.

முதல் வாரமே இரண்டு புத்தகக் கட்டு கொடுத்தார்கள், பிளஸ் ஒன்னுக்கு ஒன்று, பிளஸ் டூவுக்கு ஒன்று. "முதல் கட்டைப் பெட்டியில வச்சிருங்கப்பா, பத்திரமா இருக்கட்டும்" என்றார் கிளாஸ் சார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே பிளஸ் டூ இயற்பியலில் மின்நிலையியல் ஆரம்பம். பிளஸ் ஒன்னுக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது. பள்ளிக்குள்ளேயே கேள்வித்தாள், பள்ளிக்குள்ளேயே திருத்தல். ஆக, ஒரு வருஷப் பாடத்தை இரண்டு வருஷம் படித்தோம். இரண்டாவது வருஷம் முழுக்க டெஸ்ட், ரிவிஷன், மறுபடி டெஸ்ட்.

படிப்பு என்றால் எப்படி? வான் டி கிராஃப் ஜெனரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தத்துவம், அமைப்பு, படம், செயல்படும் விதம், இந்த வரிசை மாறக் கூடாது. எதை விட்டால் எத்தனை மார்க் போகும் என்பதும் மனப்பாடம். கணக்கில் ஒரு மார்க் கேள்வி 40. அதில் பெரும்பகுதி புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து அப்படியே வரும். கேள்வியின் முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் "மூணு" என்று கை போடும். விடை என்ன என்று கேட்டால் தெரியாது, மூன்றாவதாக இருப்பது என்றுதான் தெரியும்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கெமிஸ்ட்ரி சார் ஹாஸ்டலிலேயே தங்கி, இரவு பத்து மணிக்கும் லுங்கியோடு உட்கார்ந்து சந்தேகம் சொல்லித் தருவார். என் நோட்டில் தப்பான சமன்பாட்டைச் சுழித்து, பக்கத்தில் சரியானதைத் தன் கையெழுத்தில் எழுதி வைப்பார். அப்படி ஒரு உழைப்பை அதற்குப் பிறகு எந்த வகுப்பறையிலும் நான் பார்க்கவில்லை. அந்த உழைப்பு மொத்தமும் ஒரு கேள்வித்தாளைக் குறிவைத்துப் போனது, அவ்வளவுதான்.

ரிசல்ட்டில் 1200க்கு 1137. கணக்கில் சென்டம், இயற்பியல் 193, வேதியியல் 196. கட்-ஆஃப் 197.25. கோயம்புத்தூரில் நல்ல கல்லூரியில் சிவில் கிடைத்தது. அப்பா கடை முழுக்க லட்டு கொடுத்தார். சங்கிலியைத் திருப்ப இன்னும் இரண்டு வருஷம் ஆனது, அது வேறு கதை.

இரண்டாம் செமஸ்டரில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் வந்தது. சாய்தளத்தில் ஒரு பெட்டி, அதன்மேல் என்னென்ன விசை செயல்படுகிறது, படம் போடு. சிவில்காரனுக்கு அரிச்சுவடி. உராய்வு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று எனக்குத் தெரியவில்லை. நியூட்டன் விதி, திருப்புத்திறன், நிலைமத் திருப்புத்திறன் எல்லாமே அந்த முதல் கட்டில் இருந்தவை. இன்டர்னலில் 100க்கு 23. கணக்கில் சென்டம் எடுத்தவன் என்று என்னைச் சந்தேகம் கேட்க வந்த பையன்கள் அதோடு நின்றுவிட்டார்கள். என் ரூம்மேட் தருமபுரி பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவன், கட்-ஆஃப் என்னைவிடப் பத்து மார்க் குறைவு. சர்வ சாதாரணமாகப் போட்டுக் காட்டிவிட்டு, "மாப்ள, இது லெவன்த்ல படிச்சதுதானடா" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை, நான் ஏன் முழிக்கிறேன் என்று.

அந்தப் பேப்பர் அரியர் விழுந்தது. லீவில் ஊருக்குப் போய் ட்ரங்க் பெட்டியைத் திறந்தேன். பிரவுன் அட்டை கசங்காமல் இருந்தது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பத்தொன்பது வயதில் பிளஸ் ஒன் இயற்பியலை முதல் பாடத்திலிருந்து படித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "இது பழைய புஸ்தகமாச்சேடா" என்றாள். என்ன சொல்வது?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, இந்தத் தாண்டிக் குதிப்பை நிறுத்தத்தான். ஆனால் உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மார்க்கை எடுக்க மாட்டோம் என்று அதே வருஷம் சொல்லிவிட்டார்கள். 2025இல் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். நீட்டில் இரண்டு வருஷப் பாடமும் வரும், அதனால் டாக்டருக்குப் போகிற பிள்ளைகளுக்கு எப்படியும் நடத்தியாக வேண்டும். இன்ஜினியரிங் சீட்டுக்கு இன்றைக்கும் பிளஸ் டூ மார்க்தான். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

சேர்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அந்த மார்க்கில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். பள்ளியைப் பார்க்கப் போனால் ஹாஸ்டல், மெஸ், சிசிடிவி கேமரா எல்லாம் சுற்றிக் காட்டுவார்கள். அதை விடுங்கள். பிளஸ் ஒன் பையன் ஒருவனின் இயற்பியல் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். ஜூன் மாதத் தேதி போட்டு, கீழே மின்நிலையியல் என்று தலைப்பு இருந்தால், நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகனோடு ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.