அரசியல் சாசனத்தில் எழுதிவைத்துவிட்டால் சுதந்திரம் நிலைத்துவிடுமா?

எழுத்து வேண்டும்தான், அது மட்டும் போதாது. நம் நாடே அதற்குச் சாட்சி.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தபோது, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்பு தரும் 21-ஆவது பிரிவு சாசனத்தில் இருக்கத்தான் செய்தது. விசாரணையில்லாமல் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். பிடித்துவைத்தவனை நீதிபதி முன் நிறுத்தி, காரணம் சொல் என்று அரசைக் கேட்கும் மனு அது. என்னைக் கேட்டால், சுதந்திரம் என்பதன் பாதி அர்த்தம் அந்தக் கேள்விதான். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அந்த மனுக்களை ஏற்றன. 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் அந்தக் கதவைச் சாத்தியது.

போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால் என்ன செய்வது என்று விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். அப்போதும் வழியில்லை என்றது அரசுத் தரப்பு! மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் கன்னா ஒருவரே. மறு ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, ராஜினாமா செய்தார்.

ஆக, சட்டப் புத்தகத்தோடு, பதவி போனாலும் பரவாயில்லை என்கிற நீதிபதியும், தணிக்கைக்கு வளையாத பத்திரிகையும் வேண்டும். ஆள்பவர் தோற்கக்கூடிய தேர்தல் அதைவிட முக்கியம். 1977-இல் இந்திரா காந்தி தன் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார். அதனால்தான் 1978-இல் சாசனத்தின் 44-ஆவது திருத்தம் வந்தது. இனி நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆவது பிரிவுகளை முடக்க முடியாது. 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல மட்டும் 2017 வரை ஆனது.