குடும்பத்தோடு புதுச்சேரிக்கு சைக்கிள் பயணம்: வாடை முதுகில் இருக்கட்டும்

"திருவான்மியூரில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. தை மாதம் நாலு பேரும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு சைக்கிளில் போக ஆசை. மொத்தம் 150 கிலோமீட்டர்தானே, இரண்டே நாளில் போய்விடலாம் என்கிறார் கணவர். முடியுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம், சகோதரி. ஆனால் இரண்டு நாளில் வேண்டாம். 12 வயதுப் பெண் நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் போவாள். தண்ணீர் குடிக்க, இளநீர்க் கடையில் நிற்க, ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்க்க என்று போகும் நேரத்தைக் கழித்தால் ஒரு காலைப் பொழுதில் 35 கிலோமீட்டர் நல்ல தூரம். 75 கிலோமீட்டரை முதல் நாள் எப்படியாவது முடித்துவிடுவாள். மறுநாள் காலையில் சீட்டில் உட்காரச் சொன்னால் அழுவாள்.

மாதத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். தை மாதத்தில் வாடைக் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். தெற்கே போகிற உங்களை அது முதுகில் கை வைத்துத் தள்ளும். இதே பயணத்தைச் சித்திரையில் வைத்தால் தென்காற்று முகத்தில் அறையும். பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். அதனால் திரும்பி வருவதையும் சைக்கிளில் வைத்துக்கொள்ளாதீர்கள். காணும் பொங்கலன்று மட்டும் அந்தச் சாலைப் பக்கமே போக வேண்டாம். சென்னையில் பாதிப் பேர் அன்று மாமல்லபுரத்தில்தான் இருப்பார்கள். சனி, ஞாயிறும் வேண்டாம், வண்டிகள் பறக்கும்.

வீட்டு வாசலிலிருந்தே கிளம்ப ஆசை இருக்கும், தெரியும். இருந்தாலும் மாமல்லபுரம் வரை சைக்கிள்களை ஒரு குட்டி யானையில் (சின்ன சரக்கு வண்டி) ஏற்றிவிட்டு, அங்கிருந்து மிதியுங்கள். நகரத்து நெரிசல் தீர்ந்துவிடும், மிச்சத் தூரமும் 100 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அதை மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள்தான் நீளம்: பாலாற்றுப் பாலம் தாண்டி, கடப்பாக்கம் வரை சுமார் 45 கிலோமீட்டர். காலை 6.30க்குக் கிளம்பி 10.30க்கு நிறுத்துங்கள்; மிச்சத்தை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் அறையில் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் ஆலம்பரைக் கோட்டையில் பிள்ளைகள் ஆசை தீரத் திரியட்டும், அன்றிரவு தங்க வேண்டிய மரக்காணம் பக்கம்தான். மூன்றாம் நாள் உப்பளங்களைப் பார்த்தபடியே புதுச்சேரிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். எங்கே அறை கிடைக்கிறதோ அதற்கேற்பத் தூரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசி உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள்.

மகனைத் தனி சைக்கிளில் விட வேண்டாம். 6 வயதுப் பிள்ளை நேர்கோட்டில் ஓட்டாது, லாரி ஹாரனுக்கு மிரண்டு வலப்பக்கம் திரும்பிவிடும். கணவரின் சைக்கிளில் பெல்ட் வைத்த குழந்தை சீட்டைப் பொருத்துங்கள். பெரும்பாலான சீட்டுகள் 22 கிலோ வரைதான் தாங்கும், பையனை நிறுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கால் வைக்கக் கிண்ணமும் கால்பட்டையும் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் கேரியரில் தூங்கி வழியும் பிள்ளையின் குதிகால் ஸ்போக்ஸுக்குள் போனால், சதையே பிய்ந்துவிடும். சாமான் முழுக்க உங்கள் சைக்கிளில், இருபுறமும் தாழ்வாகத் தொங்கட்டும். மகளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.

ஓட்டும்போது கணவர் முன்னால், மகள் நடுவில், நீங்கள் கடைசியில். மகளுக்கு நேர் பின்னால் வராமல் ஓரடி வலப்பக்கம் தள்ளியே வாருங்கள். பின்னால் வரும் வண்டி உங்களுக்காக ஒதுங்கும்போது அவளுக்கும் இடம் கிடைத்துவிடும்.

அப்புறம், முள். அந்தச் சாலையோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஒருமுறை மரக்காணத்துக்கு முன்னால் என் மகள் சைக்கிளில் ஒரே காலையில் மூன்று பஞ்சர். ஒவ்வொரு தடவையும் டியூபை ஒட்டினேனே தவிர டயரைப் பார்க்கவில்லை. ஒடிந்த முள்நுனி, அரிசியில் பாதி அளவு, டயருக்குள்ளேயே நின்று மறுபடி மறுபடி குத்தியிருக்கிறது. பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்று தேயுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலை விட்டுத் தேடினால் விரல்தான் கிழியும். மகளின் சைக்கிள் 24 அங்குலம் என்றால் அந்த அளவு டியூப் வழியில் கிடைப்பது சந்தேகம், இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடைகளில் காற்றடிப்பது பைக் வால்வுக்கு. உங்கள் சைக்கிளில் மெல்லிய வால்வு இருந்தால் ஒரு அடாப்டர் கையில் இருக்கட்டும், கைப்பம்பும் வேண்டும்.

திரும்புவதற்குப் புதுச்சேரியிலிருந்து எழும்பூருக்கு ரயில் இருக்கிறது. டிக்கெட்டைக் காட்டி சைக்கிள்களைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து அதே ரயிலில் ஏற்ற முடியுமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இல்லையென்றால் மாமல்லபுரத்தில் இறக்கிவிட்ட குட்டி யானைக்காரரிடமே மூன்றாம் நாள் சாயங்காலம் புதுச்சேரிக்கு வரச் சொல்லி, போகும்போதே வாடகை பேசிவிடுங்கள்.