எனக்குத் தெரியாமலே விழுந்த வாகன அபராதத்துக்காக இங்கிலாந்தில் பெய்லிஃப் (பாக்கியை வசூலிக்க வரும் அமலாக்க முகவர்) வாசலுக்கு வந்துவிட்டார், 500 பவுண்டு கேட்கிறார். கட்டிவிடலாமா?

பயத்தில் உடனே கட்டிவிடாதீர்கள். கதவையும் திறக்காதீர்கள்.

2022இல் எனக்கும் இதே கதைதான். லண்டனில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிகூட ஆகவில்லை. வாசலில் நின்றவர் சட்டையில் சிறிய கேமரா மாட்டியிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "பாவம், குளிரில் நிற்கிறாரே, உள்ளே வந்து உட்காரச் சொல்லேன்" என்று தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டார். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து அந்தக் கையைப் பிடித்தேன். ஒரு மனிதரை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறேனே என்று அம்மா அன்று முழுவதும் முகம் கொடுக்கவில்லை.

ஆனால் விஷயமே அந்தத் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், விதித்த அபராதத்துக்காக வரும் பெய்லிஃப் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைய முடியாது. நாமே உள்ளே விட்டால் வரலாம். வந்து பொருட்களைக் குறித்துக்கொண்டு நம்மிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டால், பணம் கட்டத் தவறும்போது கதவை உடைத்து வரவும் வழி பிறந்துவிடும். ஜன்னல் வழியாகப் பேசுங்கள். அவருடைய சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அபராதம் விதித்தது யார், அதன் எண் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். உண்மையில் வீட்டைவிடக் காருக்குத்தான் ஆபத்து அதிகம். தெருவில் நிற்கும் காரின் சக்கரத்தில் பூட்டு மாட்டிவிடுவார்கள். மாட்டிய பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுத்தான் இழுத்துச் செல்ல முடியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் சொல்வதெல்லாம் கவுன்சில் அபராதத்துக்கு. வேகமாக ஓட்டியது போன்ற வழக்கில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விதித்த அபராதம் என்றால் கதவை உடைக்கவும் சட்டம் இடம் தருகிறது. அங்கே வழக்கு நடந்ததே தெரியாது என்று, தெரியவந்த 21 நாட்களுக்குள் அந்த நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும்.

என் கணக்கு இப்படி ஏறியிருந்தது: மஞ்சள் கட்டச் சந்திப்பில் (நிற்கக் கூடாது என்று சாலையில் மஞ்சள் கோடுகள் போட்ட இடம்) கார் நின்றதற்கு 130 பவுண்டு. கட்டாததால் பாதி கூடி 195. பிறகு நீதிமன்றப் பதிவுக் கட்டணம். பெய்லிஃப் நிறுவனம் கடிதம் அனுப்பியதற்கு 75, நேரில் வந்து கதவைத் தட்டியதற்கு 235. எல்லாம் சேர்ந்து ஐந்நூறைத் தாண்டி நின்றது. ஒரு கடிதம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

ஏன் படவில்லை? கவுன்சிலுக்கு போன் செய்து, எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ஈஸ்ட் ஹாமில் நான் குடியிருந்த பழைய வீட்டைச் சொன்னார்கள். ஹாரோவுக்கு மாறியபோது ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றியவன், காரின் பதிவுப் புத்தகமான வி5சி-யில் மாற்றவில்லை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று தானே மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் தனித்தனி. அதை மாற்றாமல் விட்டாலே 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

இதற்கு மருந்து நார்த்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்திடம் (Traffic Enforcement Centre) இருக்கிறது. கெடு தாண்டியதற்குக் காரணம் சொல்ல ஒரு படிவம், நோட்டீஸ் வரவில்லை என்று சொல்ல ஒரு படிவம். என்னுடைய மஞ்சள் கட்டத்துக்கு அவை பிஇ2 (PE2), பிஇ3 (PE3). பார்க்கிங் அபராதம் என்றால் டிஇ7 (TE7), டிஇ9 (TE9). வேறு வகையானால் எந்தப் படிவம் என்று மையத்தையே கேட்டுவிடுங்கள். மாற்றி அனுப்பினால் நாட்கள்தான் வீணாகும். பிஇ3-ஐ வழக்கறிஞர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். அதற்கு ஐந்து பவுண்டு வாங்கினார். கவுன்ட்டி நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அதுவும் மிச்சம். கடிதம் வந்து, பிரிக்காமல் வைத்திருந்தவர்கள் தயவுசெய்து இந்த வழிக்கு வராதீர்கள். பொய்ச் சத்தியம் குற்றம், அபராதத்தைவிடப் பெரிய வம்பு.

படிவம் பதிவானதும் பெய்லிஃபை நிறுத்தி வைப்பார்கள். மையத்திலிருந்து வந்த எண்ணை அந்த நிறுவனத்துக்கு நானே மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அவர்களுக்குள் செய்தி போய்ச் சேரும்வரை காத்திருக்க எனக்குத் துணிவு இல்லை. மையம் மனுவை ஏற்காவிட்டால் கட்டணம் கட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். ஏறிய கட்டணமெல்லாம் போனது. அபராதம் போகவில்லை, கவுன்சில் ஹாரோ முகவரிக்குப் புது நோட்டீஸ் அனுப்பியது. படத்தில் என் கார் மஞ்சள் கட்டத்தின் நட்டநடுவில் நின்றது. தேதியைப் பார்த்தால், அந்த வாரம் காரை வாங்கிப் போயிருந்தவர் என் மைத்துனர். யார் ஓட்டினாலும் பொறுப்பு உரிமையாளருக்குத்தான் என்பதால், 14 நாட்களுக்குள் சலுகைத் தொகையான 65 பவுண்டை நானே கட்டினேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.