ஆபரேஷன் முடிந்தது, கருத்தடை இன்னும் முடியவில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டோம். என் கணவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள முன்வருகிறார். ஆனால் மாமியார், "மூட்டை தூக்கிச் சம்பாதிக்கிற பிள்ளை, உடம்பில் பலம் போயிடும்" என்று அழுகிறார். உண்மையா? (தேனி வாசகி)

பலம் போகாதம்மா. விரைகள் இரண்டு வேலை செய்கின்றன. ஆண்மைக்கான ஹார்மோனைச் சுரந்து நேராக ரத்தத்தில் கலக்கின்றன. விந்தணுவை உண்டாக்கி விந்துக்குழாய் வழியே அனுப்புகின்றன. இந்தச் சிகிச்சையில் அடைபடுவது விந்துக்குழாய் மட்டுமே. ரத்தக்குழாயையோ நரம்பையோ வெட்டுவதில்லை. எழுச்சி, ஆசை, தசை வலு எதுவும் மாறாது. விந்தும் முன்போலவே வெளிவரும், ஏனென்றால் அதில் விந்தணுவின் பங்கு மிகக் குறைவு; பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம். வெளியேற வழியில்லாத விந்தணுக்களை உடலே உறிஞ்சிக்கொள்ளும்.

மாமியாரின் பயம் வெறும் பேச்சிலிருந்து வந்ததல்ல. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஆண்களைக் கட்டாயப்படுத்தி இந்த ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கசப்பு இன்னும் மறையவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் வெறும் 0.3 சதவீதம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் சுமை பெண்கள் மேலேயே விழுகிறது. உங்கள் கணவரின் முடிவு நல்ல முடிவு. ஒரு வாரம் மட்டும் மூட்டை தூக்க வேண்டாம்.

கேள்வி: கத்தியே இல்லாமல் செய்கிறார்கள் என்கிறார்களே, எப்படி? என்ன தயாரிப்பு வேண்டும்? (மதுரை வாசகர்)

சீனாவில் 1974-ல் டாக்டர் லீ ஷுன்சியாங் உருவாக்கிய முறை இது. விதைப்பையின் தோலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். கூர்முனை இடுக்கியால் ஒரு சிறு துளை இட்டு, விந்துக்குழாயை வளையம் போன்ற இடுக்கியால் வெளியே எடுத்து, ஒரு சிறு துண்டை வெட்டி நீக்கி, முனைகளைக் கட்டுவார்கள். ஒரு முனையைத் திசு உறையால் மூடிவிடுவது முக்கியம். அதுதான் இரண்டு முனைகளும் மறுபடி ஒட்டாமல் தடுக்கிறது. அடுத்த பக்கத்துக்கும் இதே வேலை. மொத்தம் 15, 20 நிமிடம். பெரும்பாலும் தையல் தேவையில்லை. ஊசி குத்தும்போது சுருக்கென்று வலிக்கும், குழாயை இழுக்கும்போது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு தெரியும்.

குளித்து, அந்த இடத்து முடியை நீக்கி, லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இறுக்கமான ஜட்டியை மறக்காதீர்கள்; விதைப்பை தொங்கி ஆடினால் ரத்தக்கட்டு ஏற்படலாம். இரண்டு நாள் ஓய்வு, அவ்வப்போது துணியில் சுற்றிய ஐஸ், ஒரு வாரம் சைக்கிளும் பைக்கும் வேண்டாம். தாம்பத்தியமும் ஒரு வாரம் கழித்துத்தான். வீக்கம் வேகமாகப் பெரிதானாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தக்கட்டோ புண்ணோ நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். நாள்பட்ட வலியும் அதே அளவில் சிலருக்கு நீடிப்பதுண்டு. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு சர்க்கரை இருக்கிறது. இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். செய்துகொள்ளலாமா? (கோவை வாசகர்)

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். விரைவீக்கம், குடலிறக்கம், அந்த இடத்தில் தோல் புண் எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. இனி ஆணுறை தேவையில்லைதானே? (திருச்சி வாசகர்)

தேவை, கண்டிப்பாகத் தேவை. எத்தனையோ பேர் சறுக்குவது இங்கேதான்.

வால்வை மூடிய பிறகும் குழாயில் தண்ணீர் நிற்பதில்லையா? அதுபோல, வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே வந்துவிட்ட விந்தணுக்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். மூன்று மாதம் வரை ஆணுறையோ வேறு முறையோ வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "விந்தணு இல்லை" என்று முடிவு வந்த பிறகே கருத்தடை ஆனதாகக் கொள்ள வேண்டும். அரசு சான்றிதழும் அதற்குப் பிறகுதான். விந்தணு தெரிந்தால் மாதம் ஒருமுறை, ஆறாவது மாதம் வரை, மறுபடி பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் இருந்தால் ஆபரேஷனைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கூச்சப்பட்டோ கூலி போகுமென்றோ இந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பரிசோதனை செய்யாமலிருந்து மனைவி கருத்தரித்தால், சந்தேகப் பார்வை விழுவது அவர் மீது. தவறு செய்யாத ஒரு பெண்ணின் மானம் ஒரு சின்ன டப்பா மாதிரியில் அடங்கியிருக்கிறது. முடிவு சரியாக வந்த பிறகும், சுமார் 2,000 பேரில் ஒருவருக்குக் குழாய் தானாக இணைந்து கரு உண்டாக வாய்ப்புண்டு. மனைவிக்கு மாதவிலக்கு தள்ளிப்போய்க் கரு உறுதியானால், ஒரு வார்த்தை பேசும் முன் உங்கள் விந்தைப் பரிசோதியுங்கள்.

பால்வினை நோயிலிருந்து இந்த ஆபரேஷன் பாதுகாப்பு தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வயது 26, குழந்தைக்கு எட்டு மாதம். இப்போதே செய்துகொண்டு, தேவைப்பட்டால் பிறகு சேர்த்துவிடலாம் அல்லவா? (சேலம் வாசகர்)

அந்த நினைப்போடு செய்யாதீர்கள் தம்பி. நுண்ணோக்கி வைத்துக் குழாயைச் சேர்க்க முடியும். ஆனால் சேர்த்தாலும் குழந்தை பிறக்குமென்ற உறுதி இல்லை. மூன்று வருடத்துக்குள் சேர்த்தவர்களில் 76 சதவீதத் தம்பதிகள் கருத்தரித்தார்கள். 15 வருடம் தாண்டிச் சேர்த்தவர்களில் 30 சதவீதம்தான் என்கிறது 1991-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. செலவும் அதிகம். அரசு விதிப்படி, ஒரு குழந்தையாவது ஒரு வயதைக் கடந்திருக்க வேண்டும், உங்களுக்கு 60 வயதுக்குள் இருக்க வேண்டும். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, ஆனால் அவரிடம் பேசாமல் முடிவெடுப்பது நியாயமில்லை. இப்போதைக்கு ஆணுறையோ, மனைவி விரும்பினால் காப்பர்-டியோ போதும்.