போதகருக்கு எதற்கு சூப்பர்வைசர்? ஜெபம் போதாதா?

நீங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர் என்று கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த தொகுதி) ஆறு வருஷம் ஆயராக, அதாவது போதகராக, இருந்தவன். இங்கே சூப்பர்வைசர் என்றால் மேலதிகாரி இல்லை; போதகர் தன் ஊழியத்தில் செய்ததைத் திரும்பப் பார்க்க உதவுகிறவர்.

ஒரு ஜூலையில், தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர் தவறிவிட்டார். மூன்று வருஷச் சபைச் சந்தா பாக்கி. "கட்டினால்தான் கல்லறைச் சாவி" என்றார் பொருளாளர். நல்ல சாரல். பெட்டி மேல் தார்ப்பாயைப் போர்த்தி, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கடைசியில் எஸ்டேட் ஆட்களே வசூல் பண்ணிக் கட்டினார்கள். அங்கியை மாட்டிக்கொண்டு நானும் நின்றேன். அதோடு தூக்கம் போச்சு. திருவிருந்து எடுக்கத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். ஜெபிக்காமல் இல்லை ஐயா, ஜெபித்தேன்.

நண்பர் சொல்லி, கோவையில் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை போனேன். அவர்தான் என் சூப்பர்வைசர். வேலூர் சிஎம்சியில் பயிற்சி எடுத்தவர். ஆஸ்பத்திரி ஊழியத்தில் 'வெர்பேட்டிம்' என்று ஒன்று உண்டு. யார் என்ன பேசினார்கள் என்று நாடகம் மாதிரி வரிவரியாக எழுதிப் போகவேண்டும். அன்று கல்லறை கேட்டில் நடந்ததை நான்கு பக்கம் எழுதினேன். என் வரிகளை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டார். ஐந்து வட்டம். ஐந்திலும் "பார்க்கலாம்".

"யாருக்குப் பயந்தீங்க தம்பி?"

நான் குடியிருந்த பார்சனேஜ் கூரை அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. ரிப்பேர் பில்லில் கையெழுத்துப் போடவேண்டியவர் அதே பொருளாளர்.

பேராயரிடம் சொல்லலாமே என்பீர்கள். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றல் ஆர்டர் போடுகிறவரிடம் போய் யார் தன் பயத்தைச் சொல்வார்? கோவை ஆயரோ எஸ்டேட் சூப்பர்வைசர் மாதிரி எடை பார்க்கிறவர் அல்ல. கோச்சும் அல்ல. கோச் இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். இவர் செய்ததைத் திரும்பப் பார்க்க வைப்பார். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரித்த ராயல் கமிஷன், 2017ல் கொடுத்த அறிக்கையில் மத ஊழியர்களுக்கு இந்த சூப்பர்விஷன் ஏற்பாடு வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அங்கேயும் ஜெபிக்கிறவர்கள்தான்.

  

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மகன் டீ கொடுத்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன்.