கயாக் டெக்கில சாமான் கட்டுறது: கேள்வி பதில்

முல்லைத்தீவுப் பக்கம் கயாக்கில, அதுதான் துடுப்பால வலிக்கிற ஒடுங்கின சின்ன வள்ளத்தில, கடலுக்கு இறங்குற ஆக்கள் கேட்ட கேள்வியளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். டெக் எண்டுறது கயாக்கின்ர மேல்தட்டு.

அளம்பில் தம்பி: அண்ணை, டெக்கில இலாஸ்டிக் கயிறு மட்டும் காணாதோ?

காணாது தம்பி. இலாஸ்டிக் சாமானை அமத்திப் பிடிக்கத்தான், ஓரத்தைச் சுத்திப் போற இழுபடாத கயிறுதான் கவிண்டா நீங்கள் பிடிக்கிறது. இலாஸ்டிக்கைப் பிடிச்சா அது நீண்டுகொண்டே வரும், அலை கயாக்கைப் பறிச்சுக்கொண்டு போயிடும். 6 மில்லிமீற்றர் பொலியெஸ்ரர் கயிறு போடுங்கோ, நைலோன் நனைஞ்சா தொய்யும். கயிறுக்குக் கீழ நாலு விரல் நுழையவேணும், கால் மாட்டுற அளவுக்குத் தொங்கக்கூடாது. சோளகம் எங்கட கரையில தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து, கையை விட்டா கயாக்கை நீந்திப் பிடிக்கேலாது.

சிலாவத்தைத் தங்கச்சி: 10 லீற்றர் தண்ணிக் கானைப் பின்னுக்குக் கட்டலாமோ அண்ணை?

வேண்டாம் பிள்ளை, அது 10 கிலோ. உள்ளுக்க, இருக்கைக்குக் கிட்ட, அடியில வையுங்கோ. மேல வச்சா ஆட்டம் கூடும், காத்தும் பிடிக்கும். டெக்கில தண்ணி இறைக்கிற பம், துடுப்பில மாட்டுற மிதவை, ரெண்டாக் கழட்டின மேலதிகத் துடுப்பு, இவ்வளவும் போதும்.

வட்டுவாகல் தம்பி: இலாஸ்டிக் மட்டும் போட்டா...

மேல வாசியுங்கோ தம்பி. காணாது.

நாயாற்று அண்ணை: துடுப்பையும் கயாக்கோட கட்டவேணுமோ?

கட்டாயம் கட்டுங்கோ. சோளகத்துக்குள்ள துடுப்பு போனா ஆளும் போனமாதிரித்தான்.

நாயாற்று அண்ணை: இல்லைத் தம்பி, முகத்துவாரத்தில அலை உடைஞ்சு கவிண்டனான், அந்தக் கயிறு மணிக்கட்டில ரெண்டு சுத்துச் சுத்தி இறுகிப்போச்சு, கரைவலைக்காரர்தான் வந்து அறுத்து விட்டவை.

அளம்பில் தம்பி: அப்ப கட்டாமல் விட்டாத் துடுப்பு போகாதோ?

அண்ணை சொல்லுறதுதான் சரி, நான் எல்லா இடத்துக்கும் ஒண்டாச் சொன்னது பிழை. அலை உடையிற இடத்தில கட்டாதேங்கோ, வெளியால போனாப் பிறகு கொளுவுங்கோ, கரைக்குத் திரும்பேக்க முன்னமே கழட்டுங்கோ. முடிச்சுப் போடாதேங்கோ, ஒரே இழுவையில கழருற கொளுக்கி வேணும். டெக்கில தொங்குற கயிறு எதெண்டாலும் இதே ஆபத்துத்தான், மிச்ச நுனியை வெட்டி நெருப்பில உருக்கி விடுங்கோ.

முள்ளியவளைத் தம்பி: இலாஸ்டிக்கை எப்ப மாத்துறது?

வெயில்ல மேல் உறை பஞ்சு மாதிரி எழும்பியிருந்தா, இல்லாட்டி இழுத்து விடேக்க சுணங்கித் திரும்பினா உடன மாத்துங்கோ.

இன்னொரு தம்பி: சுத்துக் கயிறு இல்லாமல் நந்திக்கடலுக்குள்ள மட்டும்...

அங்கயும் போட்டுட்டு இறங்குங்கோ.